வெள்ளை முத்தும் கறுப்பு நீரும்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கருத்து)

பாயசம் என்ற சொல்லைக் கேட்டதும் நாவில் நீர் ஊறாதவர் யார்? நம் பள்ளியின் பாதுகாவலர் திருவிழாவன்று விடுதிச் சமையற்கூடத்திலிருந்து கிளம்பும் ஏலக்காய் மணம் வகுப்பறை வரை வந்து நம்மைச் சோதிக்கும். பாலில் மிதக்கும் ஜவ்வரிசியோ வெண்முத்துகளைக் கோத்து அவிழ்த்து விட்டதுபோல் இருக்கும். நாம் இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்போம். ஆனால் அந்த முத்து எப்படி இத்தனை வெண்மையாயிற்று, அதைக் கழுவிய நீர் எங்கே போயிற்று என்று நம்மில் எவரேனும் கேட்டதுண்டா? நானும் கேட்டதில்லை, சென்ற கோடை விடுமுறை வரை.

நம் சேலம் மாவட்டத்துக்கு ஜவ்வரிசியால் கிடைத்திருக்கும் பெருமை சிறிதன்று. மரவள்ளிக் கிழங்கு தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. அதைத் திருவிதாங்கூரில் மக்களின் பசி தீர்க்கும் பயிராகப் பரப்பியவர் விசாகம் திருநாள் மகாராஜா என்று வரலாறு கூறுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டு ஜவ்வரிசி வருவது நின்றுபோகவே, 1943ஆம் ஆண்டளவில் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தொடங்கிற்று. 1981இல் ஆலைக்காரர்கள் ஒன்றுகூடிச் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மகாராஷ்டிரம் முதலிய வடமாநிலங்களில் நோன்பு நாட்களில் மக்கள் உண்பது நம் ஊர் ஜவ்வரிசியைத்தான். இதை எண்ணி நாம் மகிழலாம். ஆனால் பெருமை பேசும் வாய், குறையையும் பேச வேண்டாமா?

என் பாட்டியின் வீடு ஒரு கிராமத்தில் இருக்கிறது. வீட்டின் பின்புறம் ஓர் ஓடை. அதன் கரையில் சற்றுத் தூரம் தள்ளி நான்கு ஜவ்வரிசி ஆலைகள். பாட்டி மணமாகி வந்தபோது கொல்லைக் கிணற்று நீர் இளநீர்போல் இனித்ததாம். இன்று அந்தக் கிணற்றில் வாளியை இறக்கினால் புளித்த நாற்றம் எழுகிறது. பளபளவென்று துலக்கி வைத்த பித்தளைக் குடம் அந்தத் தண்ணீரில் ஒரு வாரத்துக்குள் கறுத்துப் போகிறது. எழுபத்திரண்டு வயதில் பாட்டி தெருக்கோடிக் குழாய்க்குக் குடம் சுமக்கிறார்.

இதை எழுதும்போது என் பேனா தயங்குகிறது. ஏனென்றால் அந்த நான்கு ஆலைகளில் ஒன்று என் பெரியப்பாவுடையது. என் பள்ளிக் கட்டணத்தைக் கட்டுபவரும் அவரே. நான் அணிந்திருக்கும் இந்த வெள்ளைச் சீருடையில் அந்த ஓடையின் கறுப்பும் ஒட்டியிருக்கிறது என்பதை மறைத்துவிட்டு ஊருக்கு உபதேசம் செய்ய எனக்கு மனமில்லை.

"இதைப் பற்றிப் பள்ளி மலரில் எழுதட்டுமா, பெரியப்பா?" என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எழுது கண்ணு. ஆனா கணக்கையும் சேத்து எழுது. தப்புன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடாதே" என்றார். அவர் சொன்னபடியே கணக்கையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஆலையில் நடப்பதைப் பார்ப்போம். லாரியில் வந்து இறங்கும் கிழங்கைக் கழுவித் தோல் நீக்குகிறார்கள். பிறகு அதை இயந்திரத்தில் தேங்காய்த் துருவல்போல் அரைத்து, நிறைய நீர் விட்டுச் சலிக்கிறார்கள். சல்லடையில் நிற்பது திப்பி. அது மாட்டுத் தீவனமாகிறது. கீழே இறங்கும் மாவுப்பாலைத் தொட்டிகளில் தேக்கினால் மாவு அடியில் படிகிறது. அந்த மாவைத் தூளாக்கி, குலுக்கி உருட்டி, சூட்டில் பக்குவம் செய்து வெயிலில் உலர்த்தினால் ஜவ்வரிசி. மாவு படிந்தபின் மேலே நிற்கும் நீர்தான் நம் வழக்கின் குற்றவாளி. கிழங்கைக் கழுவிய நீரும் அதனோடு சேருகிறது.

பார்வைக்கு அது கஞ்சித் தண்ணீர்போல் சாதுவாகவே இருக்கும். அதில் படியாமல் தங்கிய மாவும் சர்க்கரையும் நாரும் உள்ளன. மரவள்ளியில், அதிலும் குறிப்பாகத் தோலில், லினமரின் என்னும் பொருள் இருக்கிறது. கிழங்கு நசுங்கும்போது அதிலிருந்து சயனைடு பிறக்கிறது. ஆகவே அந்த நச்சும் சிறிதளவு நீரில் கலக்கிறது. மாவு ஓரிரு நாளில் புளித்து அமிலமாகிறது. பின்னர் காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. சேற்றிலுள்ள இரும்போடு அது கூடினால் நீர் கறுக்கும். பித்தளையைத் தொட்டால் குடம் கறுக்கும். பாட்டியின் குடத்தைக் கறுக்க வைத்த மாயம் இதுவே.

விடுமுறை முடிந்து வரும்போது ஓடை நீரை ஒரு புட்டியில் கொண்டு வந்தேன். எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரி அவர்கள் ஒரு சோதனை செய்து காட்டினார்கள். இரண்டு சோதனைக் குழாய்களில் ஒன்றில் பள்ளிக் குழாய் நீர், மற்றொன்றில் ஓடை நீர். இரண்டிலும் சில துளி நீர்த்த கந்தக அமிலம். பின்பு இரண்டிலும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் இரண்டிரண்டு துளி. குழாய் நீர் ரோஜா நிறமாக நின்றது. ஓடை நீரிலோ அந்த நிறம் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்து போயிற்று. இன்னும் இரண்டு துளி விட்டோம். அதுவும் மறைந்தது! "பசித்தவன் சோற்றை விழுங்குவதுபோல இந்த நீர் ஆக்ஸிஜனை விழுங்குகிறது" என்றார்கள் சகோதரி.

அந்தப் பசிதான் எல்லாத் தீமைக்கும் வேர். நம் நாட்டு வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல ஆற்று நீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்ஸிஜன்தான் கரைந்திருக்கும். மீன் சுவாசிப்பது அதைத்தான். ஆலைக் கழிவு நீர் ஒரு லிட்டர் 5000 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜவ்வரிசி ஆலை நீருக்கு இது வியப்பான அளவன்று. 5000ஐ 8ஆல் வகுத்துப் பாருங்கள். 625! ஒரு லிட்டர் கழிவு நீர் 625 லிட்டர் ஆற்று நீரின் மூச்சை நிறுத்தப் போதுமானது. இதனால்தான் 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும், 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் பிறந்தன. ஆற்றில் விடும் கழிவு நீரின் இரசாயன ஆக்ஸிஜன் தேவை லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்கும், உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை 30 மில்லிகிராமுக்கும் மேற்படக் கூடாது என்பது பொது விதி. சயனைடு 0.2 மில்லிகிராமுக்கு மேல் கூடாது.

சரி, நீர் ஆக்ஸிஜனைக் கேட்கிறது என்றால், ஆற்றில் விடுமுன் நாமே கொடுத்துவிட்டால் என்ன? இதுவே இரசாயன ஆக்ஸிஜனேற்ற முறையின் அடிப்படை. இதில் பல வழிகள் உண்டு.

முதலாவது, குளோரின். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். விலை மலிவு, எங்கும் கிடைக்கும். நீரைக் காரத்தன்மை உள்ளதாக்கிவிட்டுச் சேர்த்தால் சயனைடை அழிக்கவும் வல்லது. ஆனால் புளித்த நீரில் அதைக் கொட்டினால் குளோரின் வாயு கிளம்பும். சயனைடோடு சேர்ந்து இன்னொரு நச்சு வாயுவும் உண்டாகலாம். கொட்டுகிற தொழிலாளியின் மூச்சுக்கே ஆபத்து. அன்றியும், கரிமப் பொருள் மிகுந்த நீரில் குளோரின் சேர்ந்தால் தீங்கான குளோரின் சேர்மங்கள் உண்டாகின்றன என்பதை 1974இலேயே விஞ்ஞானிகள் எடுத்துக் காட்டிவிட்டனர். பிசாசை ஓட்டப் பேயை அழைத்த கதைதான்!

இரண்டாவது, ஓஸோன். 1906ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டின் நீஸ் நகரத்தில் குடிநீரைத் தூய்மை செய்ய இதைப் பயன்படுத்தினர். நிறத்தையும் நாற்றத்தையும் போக்கும், கசடு விடாது. ஆனால் அதை வாங்கிச் சேமித்து வைக்க முடியாது. ஆலையிலேயே மின்சாரத்தால் உண்டாக்க வேண்டும். சிறிய ஆலைக்கு இது பெருஞ்சுமை.

மூன்றாவது, ஹைட்ரஜன் பெராக்ஸைடு. 1818இல் தெனார் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி கண்டது. வேலை முடிந்தபின் நீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்துவிடுவது இதன் நற்குணம். தனியே விட்டால் இது சோம்பேறி. ஆனால் சிறிது இரும்பு உப்பைச் சேர்த்தால் புலியாகிவிடும்! 1894இல் ஃபென்டன் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, டார்டாரிக் அமிலத்தில் இரும்பு உப்பையும் பெராக்ஸைடையும் சேர்த்து இதைக் கண்டு வெளியிட்டார். டார்டாரிக் அமிலம் எது தெரியுமா? நம் வீட்டுப் புளியில் இருப்பதுதான். இரும்பும் பெராக்ஸைடும் சேரும்போது ஹைட்ராக்ஸில் என்னும் துகள் பிறக்கிறது என்று 1934இல் ஹேபரும் வைஸும் விளக்கினர். கண்ணிமைக்கும் நேரம்கூட வாழாத அந்தத் துகள், குளோரினையும் ஓஸோனையும்விட வலிமை மிக்கது. கையில் கிடைத்த கரிமப் பொருள் எதையும் அது தாக்கிச் சிதைக்கும். இம்முறைக்கு நீர் நல்ல புளிப்பாக இருக்க வேண்டும். அமில அளவு 3 அருகே இருப்பது சிறப்பு. நம் ஆலை நீரோ தானே புளித்திருக்கிறது. ஆகவே கூடுதலாகச் சேர்க்க வேண்டிய அமிலம் குறைவு. முடிவில் சுண்ணாம்பு இட்டால் இரும்பு துருநிறக் கசடாக அடியில் இறங்கிவிடும். அந்தக் கசடை அள்ளிப் பாதுகாப்பாக அகற்றுவது இம்முறையின் தொல்லை.

இவ்வளவு அறிந்ததும், "ஆகா! வழி கிடைத்துவிட்டது, எல்லா ஆலைகளும் பெராக்ஸைடு ஊற்றட்டும்" என்று எழுதிவிட எண்ணினேன். அப்போது பெரியப்பா சொன்ன கணக்கு நினைவுக்கு வந்தது. நாம் வகுப்பில் படித்த மூலக்கூறு எடையே இதற்குப் போதும்.

ஓர் ஆலை நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் கழிவு நீரை வெளியேற்றுவதாகக் கொள்வோம். லிட்டருக்கு 5 கிராம் வீதம் அது கேட்கும் ஆக்ஸிஜன் 500 கிலோ. பெராக்ஸைடின் மூலக்கூறு எடை 34. அதிலிருந்து நமக்குப் பயன்படுவது 16 பங்கு ஆக்ஸிஜன். ஆகவே 500 கிலோவுக்குத் தேவையான தூய பெராக்ஸைடு 1062.5 கிலோ. கடையில் கிடைக்கும் 50 சதவீதக் கரைசல் என்றால் 2125 கிலோ. நாள்தோறும் இரண்டு டன்னுக்கு மேல்! இதை எந்தச் சிறிய ஆலை தாங்கும்? மாவு விற்று வந்த பணமெல்லாம் மருந்துக்கே போய்விடும்.

அப்படியானால் விஞ்ஞானம் தோற்றதா? இல்லை. வரிசையை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். மாவும் சர்க்கரையும் நுண்ணுயிர்களுக்கு விருந்து. மூடிய தொட்டியில் காற்றுப் புகாமல் வைத்தால் அவை அதை உண்டு எரிவாயு தரும். நம் மாவட்டத்தில் பல ஆலைகள் இப்படி எரிவாயு எடுத்து மின்சாரமும் உண்டாக்குகின்றன. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை அவை உண்டுவிடும் என்று கொண்டால், 500 கிலோவில் 450 கிலோ செலவே இன்றிப் போயிற்று. அழியும் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.35 கனமீட்டர் மீத்தேன் கிடைக்கும். ஆக நாளொன்றுக்கு 157 கனமீட்டருக்கு மேல் எரிபொருள்! ஜவ்வரிசியைச் சூடு செய்யும் அடுப்புக்கு அது உதவாதா? பின்பு காற்றூட்டும் குளத்தில் நீரைத் தேக்கினால் இன்னும் குறையும். நுண்ணுயிரும் உண்ண மறுத்து எஞ்சிய நிறத்துக்கும் நாற்றத்துக்கும் மட்டும் பெராக்ஸைடு போதும். இந்த நிலையில் 25 கிலோ ஆக்ஸிஜன் அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தால், தேவை சுமார் 53 கிலோ தூய பெராக்ஸைடு. ஆயிரம் எங்கே, ஐம்பது எங்கே!

எனவே என் கருத்து இதுதான். இரசாயன ஆக்ஸிஜனேற்றம் கடைசித் துடைப்பம். முதல் துடைப்பம் அன்று. சோற்றுப் பானையைச் சுரண்டாமல் சோப்புப் போட்டுத் தேய்ப்பவர் உண்டோ? "ஏதோ ஒரு பவுடரைப் போட்டுவிட்டோம்" என்று சொல்லித் தப்பித்துக் கொள்வதும் தவறு. "மருந்து விலை கட்டாது" என்று சொல்லிக் கையை விரிப்பதும் தவறு.

இனி, என் மனத்தை மிகவும் உறுத்திய செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெராக்ஸைடும் பிளீச்சிங் திரவமும் ஜவ்வரிசித் தொழிலுக்குப் புதியவை அல்ல. மாவை வெளுக்க அவற்றை இரகசியமாகச் சேர்ப்போர் உண்டு. உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஆலைகளில் சோதனை செய்து மாவையும் ஜவ்வரிசியையும் கைப்பற்றிய செய்திகளைப் பத்திரிகைகளில் பலமுறை கண்டிருக்கிறோம். என்ன விந்தை! நீரைச் சுத்தம் செய்ய விலை கட்டாது என்று சொல்லப்படும் அதே மருந்து, மாவின் முகத்துக்குப் பூச்சுப் பூச மட்டும் கட்டுகிறது! உண்ணும் பொருளில் இருக்கக் கூடாதது அதில் இருக்கிறது. ஓடும் நீருக்குக் கிடைக்க வேண்டியது அதற்குக் கிடைக்கவில்லை.

இதற்கு ஆலைக்காரர்களை மட்டும் குறை கூறலாமா? பெரியப்பாவிடம் கேட்டபோது அவர் சொன்ன பதில்: "வெள்ளையா இல்லேன்னா வியாபாரி மூட்டையை அவுத்துப் பாத்துட்டு விலையைக் குறைச்சிடறான், கண்ணு." வியாபாரி ஏன் குறைக்கிறார்? கடைக்காரர் கேட்கிறார். கடைக்காரர் ஏன் கேட்கிறார்? நாம் கேட்கிறோம்! தோலை நன்றாக நீக்கி, நல்ல நீரில் கழுவிச் செய்த ஜவ்வரிசி சற்றே மங்கலான வெண்மையாகத்தான் இருக்கும். அதை நாம் "பழசு" என்று ஒதுக்குகிறோம். கண்ணைப் பறிக்கும் வெள்ளையை எடுத்துக் கூடையில் போடுகிறோம். ஓடையைக் கறுப்பாக்கிய கைகளில் நம் கையும் ஒன்று.

"சிறு ஆலைகள் என்ன செய்யும்? பிழைப்புப் போய்விடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அந்த ஆலைகளை நம்பிக் கிழங்கு பயிரிடும் உழவர்களும், வேலை செய்யும் பெண்களும் நம் தோழியரின் பெற்றோரே. ஆலைகளை மூடு என்று நான் எழுதவில்லை. தனித்தனியே முடியாததை நான்கு ஆலைகள் சேர்ந்து ஒரே சுத்திகரிப்பு நிலையமாகச் செய்யலாம். விற்பனைக்காக 1981இல் ஒன்றுகூடத் தெரிந்தவர்களுக்கு, தண்ணீருக்காக ஒன்றுகூடத் தெரியாதா? ஆனால் ஒன்று. பாட்டியின் கிணறு கெட்டதற்கான செலவு எந்த ஆலையின் கணக்குப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. அதைப் பாட்டி தம் இடுப்பில் சுமக்கிறார். மலிவு என்று நாம் சொல்வதெல்லாம், வேறொருவர் கட்டுகிற விலைதான்.

நாம் செய்யக் கூடியவை மூன்று. தாய்மார்களே! அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது மங்கலான ஜவ்வரிசியைக் கேட்டு வாங்குங்கள். ஆலை நடத்தும் தந்தையர்களே! வெளுப்பதற்கு ஆகும் செலவை நீர்த் தொட்டியின் பக்கம் திருப்புங்கள். தோழியரே! கிராமத்திலிருந்து வரும் நாம் ஒவ்வொருவரும் நம் கிணற்று நீரை ஒரு புட்டியில் கொண்டு வந்து சோதனைச் சாலையில் அந்த ரோஜா நிறச் சோதனையைச் செய்வோம். நிறம் நின்றால் மட்டும் அது குடிக்கத் தக்க நீர் என்று ஆகிவிடாது. ஆனால் நிறம் மறைந்தால் ஏதோ தவறு என்று உடனே தெரிந்துவிடும். ஆண்டுதோறும் அதைப் பதிவேட்டில் குறித்து வைத்தால், பத்தாண்டு கழித்து நம் தங்கையர் அதைப் பார்த்து எந்தக் கிணறு கெட்டது, எது திருந்தியது என்று அறிவார்கள்.

கானாவூர்த் திருமணத்தில் ஆண்டவர் தண்ணீரைத் திராட்சை இரசமாக மாற்றினார் என்று மறைக்கல்வியில் படிக்கிறோம். தண்ணீரைச் சகோதரியாகப் போற்றியவர் புனித பிரான்சிஸ் அசிசியார். அவர் பெயரைத் தாங்கிய திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2015இல் பூமியைப் பேணுவது பற்றியே ஒரு திருமடல் எழுதினார்கள். நம்மிடம் யாரும் புதுமை கேட்கவில்லை. தண்ணீராக வந்ததைத் தண்ணீராகவே திருப்பிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். கணக்கு வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, தம் பேனாவால் ஒரு துண்டுக் காகிதத்தில் அதை மீண்டும் போட்டுப் பார்த்தார். பிறகு அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்தக் காகிதம் மற்ற மூன்று ஆலைகளுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதே என் செபம்.